காலியாக விட்ட இலை

முன்னொரு காலத்தில், அரசியைப் பறிகொடுத்த துக்கத்தில் சிரிப்பையே மறந்துபோன அரசர் ஒருவர் இருந்தார். அரண்மனையில் முரசு கொட்டுவதில்லை. தாளிக்கும் சத்தம்கூட வெளியே கேட்காது. எதிலும் ஒழுங்கில்லாததால்தான் தமக்கு இந்தக் கதி என்று அரசருக்கு ஓர் எண்ணம். ஒருநாள் சபை விகடர் நாகணனை அழைத்து, உலகம் எவற்றால் ஆனதோ அந்த மூலப்பொருள்களையெல்லாம் வரிசைப்படுத்தச் சொன்னார். 'முறை தவறி ஒரு பொருளை வைப்பவன் யாராயினும் அவன் தலை போகும்' என்று ஆணையும் பிறப்பித்தார்.

நாகணன் மண்டபத்தில் பந்திக்குப் போடுவதுபோல இலை போட்டார். இலேசானதில் தொடங்கி எடை ஏற ஏற வைத்துக்கொண்டே போனார். தண்ணீரில் போட்டால் சீறும் பொருள் ஒன்று வந்தது. பிறகு வேறு வேறு குணங்கள். மறுபடியும் சீறும் பொருள். அங்கே புது வரிசை தொடங்கி, முந்தையதற்கு நேர் கீழே அதை வைத்தார். இப்படியே போகப் போக, குறுக்கே எடை கூடியது. மேலும் கீழும் ஒரே குணமுள்ளவை சொந்தக்காரர்கள்போல அமர்ந்தன.

ஓரிடத்தில் மட்டும், வந்த பொருள் மேலே இருந்ததோடு ஒட்டவில்லை. ஓர் இலை தள்ளி வைத்தார்; பொருந்தியது. நடுவில் ஓர் இலை காலி.

"பார்த்தீர்களா மகாராஜா!" என்று பாய்ந்தார் கஜானா அதிகாரி பொன்னரங்கர். "ஒன்றை மறந்திருக்கிறார். இல்லையானால் மடியில் கட்டியிருக்கிறார்."

"இல்லை ஐயா, இலை போட்டாயிற்று, விருந்தாளி இன்னும் வரவில்லை. அப்படியொரு பொருள் எங்கோ இருக்கிறது."

"காலி இடத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை." அரசர் பக்கத்திலிருந்த அரசியின் வெற்று ஆசனத்தின்மேல் கை வைத்தார். "நாளைக்குள் நிரப்பும். இல்லையேல் உம் தலையை வைத்து நிரப்புவேன்."

வீட்டில் நாகணனுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏதாவது ஒரு கல்லை வைத்துவிட்டு வாங்களேன்," என்று அழுதாள் மனைவி.

"தப்பாக வைத்தாலும் தலை போகுமே, பைத்தியமே."

சொன்னது அவர் காதிலேயே திரும்ப விழுந்தது. சோற்றைப் பிசைந்தார்.

மறுநாளும் இலை காலி. பொன்னரங்கர் தாமே ஆசையாய் வாளை உருவினார். நாகணன் இலையருகே மண்டியிட்டார்.

"வெட்டுங்கள் ஐயா. ஆனால் இங்கே வருவது இடப்பக்கம் இருப்பதைவிடக் கனமாகவும் வலப்பக்கம் இருப்பதைவிட இலேசாகவும் இருக்க வேண்டும். மேலே இருப்பதைப்போலச் சூட்டில் உருகவும் வேண்டும். என் தலை கருகுமே தவிர உருகாது. பொருந்தாததை வைப்பவர் தலை அடுத்ததாகப் போகும், அரசர் ஆணை."

பொன்னரங்கரின் வாள் தரையில் விழுந்தது. "வேறு யாராவது வைக்கட்டும், மகாராஜா..."

சபையே ஓரடி பின்வாங்கியது.

அரசர் சிரித்தார். பழக்கம் விட்டுப்போன சிரிப்பு. பாதியில் கண் நிறைந்தது. "காலியாகவே விட்டால் முறை கெடாதா?"

"கெடாது மகாராஜா. தப்பானதை வைத்தால்தான் கெடும்."

அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி நாகணனுக்குப் போட்டார். முத்து பட்டதும் கழுத்து சில்லிட்டது.

"பொன்னரங்கரே, விருந்தாளி வரும்வரை இந்த இலைக்கு நீர்தான் காவல்."

பொன்னரங்கர் ஆயுள் முழுக்கக் காவல் இருந்தார். விருந்தாளி வரவில்லை.