செத்த ஆமை காத்த குகை

கரட்டு மலை ஒன்றின் அடிவாரத்தில் நீளமான குகை ஒன்று இருந்தது. அதில் ஒரு முள்ளம்பன்றியும், மரநாயும், முயலும், கிழட்டு ஆமையும் குடியிருந்தன.

வாசலில் முள்ளம்பன்றி. மேலே பாறை விளிம்பில் மரநாய். உள்ளே, இருட்டான இடத்தில் முயலும் அதன் இரண்டு குட்டிகளும். அதற்கும் பின்னால் கடைசி மூலையில் ஆமை. அந்த மூலையில் பாறை பிளந்து ஒரு சந்து விட்டிருந்தது. காற்று அந்த வழியாகத்தான் வரும்.

நான்கு பேருக்குள்ளும் சண்டை கிடையாது. பேச்சும் அதிகம் கிடையாது. ஆமை மட்டும் குளத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போகும்போது, "என்ன, எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டுக்கொண்டே போகும். யாராவது ஒருவர் "ம்" என்று சொன்னால் உண்டு.

கோடையில் ஒரு மத்தியானம் ஆமை செத்துப்போனது. வயதாகிவிட்டது, அவ்வளவுதான். தலையையும் கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு படுத்தது. பிறகு எழுந்திருக்கவில்லை.

அதை யாரும் கவனிக்கவில்லை.

"இப்பல்லாம் ஆமை அண்ணன் என்கிட்ட ஒரு வார்த்தை பேசறதில்லை" என்றது முயல். "நான் என்ன தப்பு பண்ணினேன்? பேசாட்டி போகட்டும்! நானாப் போய்ப் பேச மாட்டேன்!"

சில நாளில் குகைக்குள் நாற்றம் அடித்தது. முள்ளம்பன்றி மூக்கைச் சுளித்தது.

"ஏய் மரநாய்! கண்ட எலியையும் பிடிச்சுக்கொண்டுவந்து மேலே போட்டு அழுக விடறியா?"

"நானா? கிழங்கைத் தோண்டிக் குவிச்சு வச்சிருக்கிறது யாரு? உன் கிழங்குதான் நாறுது!"

"என் கிழங்கைச் சொல்ற வாயைக் கிழிச்சிடுவேன்!"

"வா, வந்து கிழி பார்ப்போம்!"

இரண்டும் ஒன்றை ஒன்று திட்டிக்கொண்டே இருந்தன. நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று போய்ப் பார்க்க இரண்டுக்கும் நேரம் இல்லை. பிறகு எறும்புகள் சாரை சாரையாக உள்ளே வந்தன. அவை தன் குட்டிகளைக் கடிக்காமல் இருக்க முயல் தன் வளையைப் புல்லால் அடைத்துக்கொண்டது. எறும்புகள் தங்கள் வேலையை முடித்துக்கொண்டு போயின. நாற்றமும் நின்றது. மூலையில் வெறும் ஓடுதான் மிச்சம்.

"பார்த்தியா? நான் திட்டினதும் எலியை எடுத்து வெளியே போட்டுட்டான்" என்று முள்ளம்பன்றி முயலிடம் பெருமையாகச் சொன்னது.

அந்தச் சமயத்தில் காட்டுக்குப் புதிதாக ஒரு நரி வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் இரண்டு கவுதாரிகளையும் ஒரு கீரிப்பிள்ளையையும் தின்றுவிட்டது என்று பேச்சு. குகையில் கூட்டம் போட்டார்கள்.

"வாசலை நான் பார்த்துக்கிறேன். என் முள்ளைத் தாண்டி எவனும் வர முடியாது" என்றது முள்ளம்பன்றி. "பின்பக்கச் சந்துதான் ஆபத்து. அங்கே யாரு காவல்?"

"எனக்குக் குட்டிங்க இருக்கு" என்றது முயல்.

"நான் ராத்திரி பூரா அலையறவன். பகல்ல தூங்கணும்" என்றது மரநாய்.

"அப்ப ஆமை அண்ணன்தான்! அவரு எப்பவும் அங்கேதானே இருக்காரு!" என்றது முள்ளம்பன்றி.

மூவரும் தங்கள் தங்கள் இடத்தில் இருந்தபடியே கழுத்தை நீட்டினார்கள். முள்ளம்பன்றியே குரல் கொடுத்தது.

"ஆமை அண்ணே! பின்பக்கக் காவல் இனிமே உங்க பொறுப்பு. நரி வந்தா ஒரு சத்தம் போடுங்க, நாங்க ஓடி வந்துடுவோம். சரிதானே?"

பதில் இல்லை.

"முடியாதுன்னா சொல்லியிருப்பாரு" என்றது மரநாய்.

"ஆமாமா. நல்ல மனுஷன். எதுக்கும் எதிர்ப்பேச்சு பேசமாட்டாரு" என்றது முயல். ஆமையின் மேல் அதற்கு இருந்த கோபம் அன்றோடு தீர்ந்தது.

அன்று முதல் மூவரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

ஒரு நாள் உச்சி வெயிலில் நரி வந்தது. வாசல் பக்கம் போகவே இல்லை. நேராகப் பின்பக்கம் வந்து, சந்துக்குள் தலையை நுழைத்தது. வழியில் ஓடு கிடந்தது. காலால் ஒரு தள்ளு தள்ளியது. ஓடு கடகடவென்று உருண்டு பாறையில் முட்டி நின்றது.

முயல் பாதித் தூக்கத்தில் கண்ணைத் திறந்தது. "ஆமை அண்ணன் நடமாடறாரு. காவல் பலமா இருக்கு" என்று முணுமுணுத்துவிட்டுத் திரும்பிப் படுத்தது.

அடுத்த நொடி குட்டி ஒன்று வீறிட்டது. முயல் துள்ளி எழுந்தபோது நரியின் வால் சந்து வழியாக மறைந்துகொண்டிருந்தது. இரண்டு குட்டிகளில் ஒன்றுதான் இருந்தது.

"ஐயோ! என் பிள்ளை! ஆமை அண்ணே, பிடிங்க! பிடிங்க!"

முள்ளம்பன்றி ஓடி வந்தது. மரநாய் குதித்து வந்தது. நரி எப்போதோ போய்விட்டது. மூவரும் அன்றுதான் முதல் முறையாகக் கடைசி மூலைக்கு வந்தார்கள். மரநாய் ஓட்டைப் புரட்டியது. உள்ளே ஒன்றும் இல்லை.

"அடப்பாவி! ஆமை அண்ணனையும் கொன்னுட்டானே!" என்று முள்ளம்பன்றி அலறியது.

மறுநாள் நரி எதிர்ப் பாறையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்துக்கொண்டு குகை வாசலில் நின்று கத்தியது.

"கொலைகாரப் பயலே! பச்சைக் குட்டியைத் தின்னுட்ட! எங்க காவல்காரரையும் கொன்னுட்ட!"

"குட்டியைத் தின்னேன். அது என் வயித்துப்பாடு" என்றது நரி. "ஆமையை நான் தொடலை. நான் வந்தப்ப அங்கே காலி ஓடுதான் கிடந்தது."

"பொய்!"

"நான் ஏன் பொய் சொல்லணும்? உங்க வீட்டுல சாவு விழுந்த வாடை ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த எனக்கு வந்தது. யாராவது அழுவாங்க, குழி தோண்டுவாங்கன்னு தினமும் காத்திருந்து பார்த்தேன். ஒரு சத்தம் இல்லை. அப்பத்தான் தெரிஞ்சுது, இந்த வீட்டுல ஒருத்தரை ஒருத்தர் பார்க்கறதில்லைன்னு. இதைவிட நல்ல வேட்டை எனக்கு எங்கே கிடைக்கும்?"

நரி எழுந்து சோம்பல் முறித்துவிட்டுப் போய்விட்டது. முள்ளம்பன்றியின் முட்கள் மெல்லப் படிந்தன.

மூவரும் ஓட்டை வெளியே எடுத்து வந்து குழி தோண்டினார்கள். குட்டிக்குப் புதைக்க ஒன்றும் இல்லை. அதற்காகவும் சேர்த்து அந்தக் குழியின் முன்னால்தான் அழ வேண்டியிருந்தது.

"அவர் என்னைக்குச் செத்தார்?" என்று மரநாய் மெதுவாகக் கேட்டது.

"புளியம்பழம் உதிர்ந்தப்ப பார்த்த ஞாபகம்" என்றது முள்ளம்பன்றி.

"இல்லையே, அதுக்கு முன்னாடியே அவரைக் காணோமே?" என்றது மரநாய்.

"எனக்குச் சரியாத் தெரியலை."

முயல் மண்ணைத் தள்ளிக்கொண்டே பேசியது. "கடைசியா என்னைத் தாண்டிப் போனப்ப ஏதோ சொன்னாரு. நான் குட்டிங்களை நக்கிவிட்டுக்கிட்டு இருந்தேன். நிமிர்ந்து பார்க்கலை. என்ன சொன்னாருன்னு காதுல விழலை."

மிச்சம் இருந்த குட்டியை நடுவில் விட்டுக்கொண்டு மூவரும் குகைக்குள் போனார்கள்.

பக்கத்தில் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்று எட்டிப் பார்க்காதவர்கள், ஒரே வீட்டில் குடியிருந்தாலும் தனித்தனியாகத்தான் அழிவார்கள்.