கருமூட்டனுக்குக் கதவைச் சாத்திய அஞ்சுகம்

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி, கழுதைகள் பேசுவதை இன்னும் நிறுத்தாத நாளில், மணலூர் ராஜ்ஜியத்தில் அஞ்சுகம் என்று ஒருத்தி இருந்தாள். முப்பது வயது. கழுதை மேல் மூட்டை ஏற்றித் தெருத் தெருவாக உப்பு விற்பாள். அவள் குரல் கொடுத்தால் மூன்று தெரு தாண்டிக் கேட்கும்.

அதே ராஜ்ஜியத்தில் கருமூட்டன் என்று ஒரு மந்திரவாதியும் இருந்தான். இளவரசியைத் தூக்கிக்கொண்டு பறக்கிற மந்திரவாதி இல்லை. ஆட்களுடைய நெஞ்சின் மேல் ஏறி உட்காருவான், அவ்வளவுதான். உட்கார்ந்தான் என்றால் சோறு மண்ணாக இருக்கும், வெயில் சாம்பலாக இருக்கும், எழுந்து பல் விளக்குவதே மலை ஏறுகிற மாதிரி இருக்கும். மற்றவர் கண்ணுக்கு அவன் தெரிய மாட்டான். அதனால் "சும்மா படுத்துக் கிடக்கிறா" என்று பேசிவிட்டுப் போவார்கள்.

அஞ்சுகத்தின் மேல் பதினொரு மாதம் உட்கார்ந்திருந்தான். அரண்மனை வைத்தியர் ஒரு கஷாயம் கொடுத்தார். வாயில் வைக்க முடியாத கசப்பு. அவள் குடித்து முடிக்கும்வரை கழுதை தினமும் தலைமாட்டில் நின்று கத்தியது. கடைசியில் ஒரு நாள் கருமூட்டன் தாங்க முடியாமல் இறங்கினான்.

இறங்கும்போது சொன்னான்: "ஐப்பசி முதல் தேதி காலையில் வருவேன். நீயே எழுந்து வந்து வாசல் கதவைச் சாத்தினால் என் மந்திரம் செத்தது. சாத்தாவிட்டால், சாகிறவரைக்கும் உன் நெஞ்சுதான் எனக்குப் பாய்."

அதற்கு இன்னும் நாற்பது நாள் இருந்தது. கதவோ பழைய தேக்கு. திடமான ஆளே தோள் கொடுத்துத்தான் தள்ள வேண்டும்.

இங்கேதான் எல்லாரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். கருமூட்டன் இறங்கிவிட்டால் மறுநாளே துள்ளி எழுந்துவிடலாமாம். அப்படியெல்லாம் கிடையாது. அஞ்சுகத்துக்கு அழுகை நின்றிருந்தது. ஆனால் உடம்பு பிழிந்து போட்ட துணி. தூக்கம் துண்டு துண்டாக வந்தது. படுக்கையிலிருந்து வாசலுக்குப் பத்தொன்பது அடி. ஏழாவது அடியில் கால் மடங்கியது.

"இப்படியே போனா கதவை நான்தான் சாத்தணும். நான் சாத்தினா செல்லாது" என்றது கழுதை. "வைத்தியர் தெருவுக்குக் கிளம்பு."

"என்னால நடக்க முடியாது."

"உன்னை யார் நடக்கச் சொன்னது? முதுகில ஏறு. இப்போ நீ ஒரு மூட்டை உப்புகூட கனக்க மாட்ட."

வைத்தியர் தெருவில் ஒரு சட்டம் இருந்தது. யார் வந்தாலும் வைத்தியர் முதலில் அடியில் ஓட்டை போட்ட ஒரு வட்டிலை, அதாவது கிண்ணத்தை, தண்ணீரில் மிதக்க விட வேண்டும். ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஏறி வட்டில் மூழ்கும்வரை வந்தவர்தான் பேசலாம். வைத்தியர் மூச்சு விடலாம், வாயைத் திறக்கக் கூடாது.

முதல் வீட்டில் எண்ணெய்க்காரர் வல்லபன். வட்டிலை விட்டார். அஞ்சுகம் "எனக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"வாயு!" என்றார் அவர். "ஏழே நாள். என் எண்ணெயைத் தேய்ச்சா குதிரை மாதிரி ஓடுவ. பல்வலி போகும், கடன் போகும், கனவுல வர்ற பாம்பு போகும்."

"நான் இன்னும் சொல்லவே இல்லையே?"

"நீ எதுக்கும்மா சொல்லணும்? நான்தான் வைத்தியன்."

கழுதை காதை ஆட்டியது. இருவரும் வெளியே வந்தார்கள்.

இரண்டாவது வீட்டில் மருதாயி. அஞ்சுகத்தைவிட நாலைந்து வயது சின்னவள். உள்ளங்காலைப் பிடித்து அழுத்திவிடுவது அவள் வேலை. வட்டிலை விட்டாள். அஞ்சுகத்துக்குப் பேச்சே வரவில்லை. உட்கார்ந்தே இருந்தாள். வட்டில் மூழ்கியது. மருதாயி அதை எடுத்துக் கவிழ்த்து, மறுபடியும் மிதக்க விட்டாள். மூன்றாவது தடவைதான் அஞ்சுகம் வாய் திறந்தாள்.

"அவன் போயிட்டான். ஆனா நான் இன்னும் வரல."

வட்டில் மூழ்கியதும் மருதாயி கேட்டாள்: "கஷாயம் குடிக்கிறீங்களாக்கா?"

"குடிக்கிறேன்."

"அதை விட்டுடாதீங்க. கருமூட்டனை விரட்டுறது என் வேலை இல்ல, அது எனக்குத் தெரியாது. காலைப் பிடிச்சுவிட்டா தூக்கம் வரும். தூங்கினா கொஞ்சம் தெம்பு வரும். பத்து நாள் பாருங்க, பிரயோஜனம் இல்லன்னா நிறுத்திடுங்க."

"இவ்வளவுதானா?" என்று வெளியே வந்து முனகினாள் அஞ்சுகம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. கதவு அவ்வளவு பெரிசு, இவள் காலைப் பிடிக்கிறேன் என்கிறாள்.

மூன்றாவது வீடு பளிங்கு. உள்ளே வெள்ளைப் பட்டில் ஒருவர், தேன் மாதிரி குரல். வட்டிலைத் தண்ணீரில் வைத்தார். வைத்ததும் 'முளுக்'கென்று மூழ்கியது. ஓட்டை கட்டைவிரல் அகலம்.

"மகளே, கேட்டாயிற்று" என்றார். "இந்த ஒளிக்கல்லை நெஞ்சில் வை. ஒரே நாளில் எழுவாய். அந்தக் கசப்புக் கஷாயத்தை மட்டும் சாக்கடையில் ஊற்றிவிடு."

அஞ்சுகம் கல்லை வாங்கக் கை நீட்டிவிட்டாள். ஒரே நாள் என்றால் யார்தான் நீட்ட மாட்டார்கள்? நீட்டிய கை பாதியில் நின்றது.

"நான் ஒரு வார்த்தைகூடப் பேசல. கஷாயம் குடிக்கிறேன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

வெள்ளைப் பட்டு கறுத்தது. தேன் குரல் கரகரத்தது. எதிரே கருமூட்டன்.

"புத்தி வந்துடுச்சா?" என்று சிரித்தான். "புத்தியால கதவு சாத்த முடியாதுடீ. ஐப்பசியில பாக்கலாம்."

அஞ்சுகம் நேராக மருதாயி வீட்டுக்குத் திரும்பினாள்.

மாயம் ஒன்றும் நடக்கவில்லை. மருதாயி காலைப் பிடித்துவிட்டாள், அஞ்சுகம் கஷாயம் குடித்தாள், படுத்தாள். மூன்றாம் நாள் ஒரு மணி நேரம் தொடர்ந்து தூங்கினாள். பத்தாம் நாள் இரண்டாவது தோசை கேட்டாள். இருபதாம் நாள் எல்லாம் மறுபடி மோசமாகி, மருதாயியைத் திட்டினாள். மருதாயி "திட்டுங்க, காலை மட்டும் இழுக்காதீங்க" என்றாள். முப்பதாம் நாள் பன்னிரண்டு அடி நடந்தாள்.

ஐப்பசி முதல் தேதி. விடிந்ததும் கருமூட்டன் வாசலில் நின்றான்.

அஞ்சுகம் எழுந்தாள். ஏழு அடி நடந்தாள்.

"படுத்துக்கோ" என்றான்.

பன்னிரண்டு அடி நடந்தாள்.

"படுத்துக்கோ" என்றான்.

பதினாறாவது அடியில் கால் நடுங்கி, தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தோத்துட்ட" என்று கால் தூக்கி நிலைப்படியில் வைத்தான்.

"எழுந்து வரணும்னு சொன்ன. நடுவுல உட்காரக் கூடாதுன்னு சொல்லவே இல்லையே" என்றாள் அஞ்சுகம். மூச்சு வாங்கும்வரை உட்கார்ந்தாள். பிறகு தரையில் கை ஊன்றி எழுந்தாள். பதினேழு. பதினெட்டு. பத்தொன்பது. தோளைக் கதவில் கொடுத்தாள்.

"படுத்துக்கோ..." இப்போது அவன் கெஞ்சினான்.

"காலை எடு" என்றாள்.

எடுத்தான். கதவு கிரீச்சென்று நகர்ந்து நகர்ந்து, டமாலென்று சாத்திக்கொண்டது. வெளியே ஒரு மூட்டைச் சாம்பல் கொட்டுகிற சத்தம். கழுதை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "அவ்வளவுதான், போயே போயிட்டான்" என்றது.

மந்திரம் செத்ததல்லவா, அந்தக் காலையில் மணலூரில் பதினேழு வீடுகளில் ரொம்ப நாளாகப் படுத்துக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். நடக்கவில்லை, ஓடவில்லை, எழுந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தர் கஞ்சி கேட்டார். ஒருத்தி சீப்புக் கேட்டாள். மருதாயி வாசலில் மத்தியானத்துக்குள் வண்டி வண்டியாக ஆட்கள்.

ராஜா பல்லக்கு அனுப்பி அஞ்சுகத்தை விருந்துக்குக் கூப்பிட்டார். "நாளைக்கு வரேன், இன்னைக்குத் தூக்கம் வருது" என்று சொல்லி அனுப்பிவிட்டு, சாயங்காலம்வரை அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள்.