மடு கூப்பிட்ட காதுகள்

மருதங்காட்டின் நடுவே ஆழமான மடு ஒன்று இருந்தது. அதன் கரையில் சாய்ந்து நின்ற மரத்தில் பதினொரு நீர்க்காகங்கள் வாழ்ந்தன. கொழுத்த மீன்கள் இரண்டு பனை ஆழத்தில் கிடந்தன. முழுகி எடுப்பதே அவற்றின் பிழைப்பு.

முழுகும் பறவைக்கு முதலில் காது குத்தும். பிறகு ஒரு சொட்டு ரத்தம் வரும். பிறகு குத்தல் நின்று, "ம்ம்ம்..." என்று ஓர் ஓசை ஓயாமல் கேட்கும்.

"மடு கூப்பிட்டுவிட்டது!" என்று கூட்டம் சிறகடித்துக் கொண்டாடும். அன்று முதல் அந்தப் பறவைக்கு உச்சிக் கிளையில் இடம். மற்றவர் போகாத அடிமடுவுக்கும் அதுதான் போகவேண்டும்.

உச்சிக் கிளையில் நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பேரும் தலையை ஒரே பக்கம் சாய்த்து, எதையோ கேட்டபடி அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். காற்றில்லாத நண்பகலில் அவர்களைப் பார்த்தால் உடல் சிலிர்க்கும்.

இவர்களுக்கு முன் உச்சிக் கிளையில் இருந்த வேறு மூன்று பேர் ஒரே வருடத்தில் அடிமடுவிலிருந்து திரும்பவில்லை. "மடு தன்னோடு வைத்துக்கொண்டது" என்றார்கள்.

ஒருநாள் காலை, சாம்பி என்ற நீர்க்காகத்திடம் அதன் தங்கை மினுக்கி ஓடி வந்தது. அதன் கன்னத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

"அக்கா! எனக்கும் கேக்குது!"

சாம்பி பதறிப்போய் அருகில் வந்தது. "எந்தக் காதுல?"

"இடது காதுல. நாளைக்கு மத்தியானம் நான் அடிமடுவுக்குப் போறேன். பெரியப்பா சொல்லிட்டார்!"

பெரியப்பா என்பவர் கூட்டத்தின் தலைவர் மடுவன். உச்சிக் கிளையில் மூத்தவரும் அவரே. சாம்பி அவரிடம் போனது.

"பெரியப்பா, மடு என்ன சொல்லுது?"

"வேண்டாம்மா, எனக்குப் பசியில்லை!" என்றார் மடுவன், உரத்த குரலில்.

கீழ்க்கிளையில் சிரிப்பு எழுந்தது. "பெரியப்பா இப்போ மடுவோட மட்டும்தான் பேசுவார்!"

சாம்பி நான்கு பேரிடமும் கத்திக் கத்திக் கேட்டது. ஒருவருக்கு வண்டின் இரைச்சல். ஒருவருக்குச் சில்வண்டு. ஒருவருக்குக் காய்ந்த ஓலை உரசும் சத்தம். மடுவனுக்கு மழை.

"மடு ஒண்ணுதானே? குரல் எப்படி நாலாச்சு?" என்றது சாம்பி. 

அப்போது சேற்றுக்கரையில் காவலிருந்த ஆட்காட்டிக் குருவி அலறியது. "தித்தீ! முதலை! தித்தீ!"

ஆறு பேர் பறந்தார்கள். மினுக்கி சத்தம் வந்த திசை தெரியாமல் வேறு பக்கம் பார்த்துத் தடுமாறி, கடைசியாகப் பறந்தது. உச்சிக் கிளையில் நான்கு தலைகளும் சாய்ந்தது சாய்ந்தபடியே இருந்தன. மரத்தின் அடியில் முதலை மெல்லக் கடந்து போனது.

சாம்பிக்குப் புரிந்தது. திரும்பாத அந்த மூன்று பேரும் முழுகும் முன் ஆட்காட்டியின் அலறலைக் கேட்டிருக்கவே மாட்டார்கள்!

"மடு யாரையும் கூப்பிடலை! நம்ம காதுதான் செத்துக்கிட்டிருக்கு!"

"கிளை கிடைக்காத பொறாமை!" என்றது கூட்டம்.

மறுநாள் நண்பகல். மடுவன் நீரில் இறங்கி மிதந்தார். "வா மகளே!" என்று மினுக்கியை அழைத்தார். மினுக்கி இடது காதின் ஓசையிலேயே லயித்து, ஒரு காலை நீரில் வைத்தது.

ஆட்காட்டி மூன்று முறை அலறியது. மடுவனுக்குப் பின்னால் குமிழிகள் எழுந்தன.

சாம்பி பாய்ந்து தங்கையின் வாலைக் கவ்விக் கரைக்கு இழுத்துப் போட்டது. "பெரியப்பா! முதலை! மேலே வாங்க!"

மடுவன் தலையைச் சாய்த்துப் புன்னகைத்தார். "ஆமாம் ஆமாம், எனக்கும் கேக்குது!"

நீர் மூடிக்கொண்டது. கூச்சல்கூட இல்லை. சிறிது நேரத்தில் மடு கண்ணாடிபோல் ஆனது.

மினுக்கி கேட்டது: "அக்கா... ஆட்காட்டி கத்துச்சா?"

 உச்சிக் கிளையின் மற்ற மூவரையும் சாம்பி தொட்டுத் தொட்டுக் கீழே இறக்கியது. காது குத்தினால் ஆறும்வரை முழுகக் கூடாது, கேளாதவர் ஆழமில்லாத ஓரத்தில் துணையோடு மட்டுமே மீன் பிடிக்கவேண்டும் என்று அன்றே முடிவானது. மினுக்கிக்கு வலது காது மிஞ்சியது.

தொழில் தந்த நோயைப் பெருமையாகச் சூடிக்கொள்பவர், உயிரைக் காக்க வரும் குரலுக்குத் தாமே கதவடைக்கிறார்.