மூக்கில் எழுதிய பெயர்

ஒரு காலத்தில், ஒரு காட்சியகத்துக் கொட்டகைக்குள் கிழட்டுக் குண்டு விமானம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதற்கு நான்கு இயந்திரங்கள், ஒன்றும் ஓடாது. மூன்று சக்கரங்கள், எதிலும் காற்று கிடையாது. கர்வம் மட்டும் குறையவில்லை.

கர்வத்துக்குக் காரணம் அதன் எதிரே நட்டிருந்த பெயர்ப்பலகை. ‘வானத்துப் பயங்கரம்’ என்று அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே, ‘உலகப் போரில் பங்கேற்ற குண்டு விமானம். இதன் மூக்கில் சீறும் புலியின் ஓவியம் இருந்தது’ என்று சின்ன எழுத்து.

விமானம் தன் மூக்கைத் தானே பார்த்ததில்லை. எந்த மூக்குக்கும் அந்த வசதி இல்லை. போதாக்குறைக்கு, போர் முடிந்த கையோடு யாரோ அதன் மூக்கில் சாம்பல் நிறச் சாயத்தை அப்பிவிட்டுப் போய்விட்டார்கள். ஆகவே பலகை சொன்னதுதான் அதற்கு வேதம். தினமும் காலையில் எதிரே பார்த்து, தன் பெயரை ஒரு தடவை படித்துக்கொள்ளும். பக்கத்தில் நின்ற ஜீப்புக்கும் படித்துக் காட்டும்.

“கேட்டியா? பயங்கரம்!”

“தெரியும் ஐயா. நேற்றும் சொன்னீங்க” என்று ஜீப் சொல்லும்.

இப்படி இருக்கையில் வஹிதா என்ற பெண் அங்கே வந்து சேர்ந்தாள். போர் விமானங்களின் பட்டப்பெயர்களையும் அவற்றின் மூக்கில் வரைந்த படங்களையும் தேடித் தேடிச் சேகரிப்பது அவள் வேலை. இப்படியும் ஒரு ஆராய்ச்சியா என்று கேட்காதீர்கள், இருக்கிறது. அந்தக் காலத்தில் குண்டு போடப் போன பையன்கள் தங்கள் விமானத்துக்கு ஆளுக்கொரு செல்லப்பெயர் வைத்து, மூக்கில் புலியோ பெண்ணோ மண்டையோடோ வரைந்துகொள்வார்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறவனுக்கு, ஏறி உட்காருகிற இரும்பு ஏதாவது ஒரு விதத்தில் சொந்தமாக இருக்க வேண்டியிருந்தது.

காட்சியகத்தின் கண்காணிப்பாளர் துரைக்கண்ணு அவளை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“வாங்க மேடம். உங்களுக்கு வேலை ரொம்ப இல்ல. இந்தக் கொட்டகையைப் புதுப்பிச்சிருக்கோம், வெள்ளிக்கிழமை திறப்பு விழா. மூக்குல புலி வரையப் பெயின்டருக்குச் சொல்லியாச்சு. ஆராய்ச்சி பண்ணிப் பார்த்தேன், புலிதான்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சுது.”

“பார்த்துட்டுச் சொல்றேன் சார்” என்றாள் வஹிதா.

“பாருங்க, பாருங்க. பார்த்துட்டுப் புலின்னே சொல்லுங்க.”

அவள் தன் பையிலிருந்து ஒரு பழைய புகைப்படத்தையும் பூதக்கண்ணாடியையும் எடுத்து, விமானத்தின் மூக்குக்கு அடியில் இருந்த மேசைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனாள். மனிதர்கள் டீ குடிக்கப் போகிற நேரம்தான் பொருள்கள் பேசிக்கொள்கிற நேரம்.

“புதுசா வந்தவங்க யாரு?” என்று விமானம் மேலிருந்து அதட்டியது. “எதிரே இருக்கிறதைப் படிச்சீங்களா?”

“படிச்சேன்” என்றது பூதக்கண்ணாடி. “எனக்கு நம்பிக்கை வரலை.”

பூதக்கண்ணாடிக்கு எதிலும் மூக்கை நுழைக்காவிட்டால் தூக்கம் வராது. எறும்பைக் காட்டினால்கூட, “இதன் கால் ஆறா? எண்ணிப் பார்த்தீர்களா?” என்று கேட்கிற ரகம் அது.

பெயர்ப்பலகைக்குச் சுருக்கென்றது. “என்மேலே நம்பிக்கை இல்லையா? நான் அரசாங்கப் பலகை. சும்மா ஒன்றும் எழுதவில்லை. மூன்று புத்தகங்களில் இருக்கிறது.”

அதுவரை சும்மா கிடந்த புகைப்படம் மெதுவாக இருமியது. அதில் ஏழு வெள்ளைக்காரப் பையன்கள் இந்த விமானத்தின் மூக்குக்கு முன்னால் தோளோடு தோள் உரசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் பெயின்ட் டப்பாவோடு ஒரு உள்ளூர்க்காரர். அந்த ஏழு பேரில் ஒருவருடைய மகள் கடல் கடந்து அனுப்பிவைத்த படம் அது.

“அந்த மூன்று புத்தகக் கதையை நான் சொல்றேன்” என்றது புகைப்படம். “என் முதுகிலே பென்சிலால் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. ‘எங்கள் புலி. கீழே உள்ள எழுத்துக்கு வானத்துப் பயங்கரம் என்று அர்த்தமாம், ஓவியர் சொன்னார்’ என்று. முதல் புத்தகம் எழுதினவர் என் முதுகைப் படித்தார். இரண்டாவது ஆள் முதல் புத்தகத்தைப் படித்தார். மூன்றாவது ஆள் இரண்டாவதைப் படித்தார். இந்தப் பலகை மூன்றாவதைப் படித்தது. இத்தனை வருஷத்தில் ஒரு மனுஷன்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. வருகிறவர் எல்லாரும் என்னைக் குப்புறப் போட்டுத்தான் படிக்கிறார்கள்.”

“அட பாவமே” என்றது பூதக்கண்ணாடி. ஆவலை அடக்க முடியாமல் ஒரு உருள் உருண்டு புகைப்படத்தின்மேல் போய் விழுந்தது. எள்ளளவாக இருந்த மூக்குப் படம் எலுமிச்சையளவாகத் தெரிந்தது.

“புலிக்கு முறுக்கு மீசை உண்டா?” என்று அது கேட்டது.

“வீரமான புலி” என்றது விமானம்.

“தலையில் இரண்டு கொம்பு இருக்கிறதே?”

“ரொம்ப வீரமான புலி.”

“நாக்கு மோவாய் வரைக்கும் தொங்குகிறது. கண் இரண்டும் பிதுங்கிக்கொண்டு...”

“பலகையைப் படி! பலகையைப் படி!” என்று விமானம் கத்தியது.

அதற்குள் வஹிதா வந்துவிட்டாள். பூதக்கண்ணாடி இடம் மாறிக் கிடந்ததை அவள் கவனிக்கவில்லை. குனிந்து அதன் வழியாகப் பார்த்தாள். பார்த்தவள் நிமிரவில்லை. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கொட்டகையின் ஜன்னலுக்கு வெளியே புது வீடு ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் மாடியில் ஒரு திருஷ்டி பொம்மை கட்டித் தொங்கியது. முறுக்கு மீசை, கொம்பு, நீட்டிய நாக்கு. அவள் அதைப் பார்த்தாள், புகைப்படத்தைப் பார்த்தாள். சந்தேகமே இல்லை.

அடியில் இருந்த எழுத்து மட்டும் புகைப்படத்தில் ஒரு பையனின் தொப்பிக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தது. தமிழ் எழுத்து என்பது வரைக்கும் தெரிந்தது. மிச்சத்தைச் சாம்பல் சாயத்துக்கு அடியில்தான் பார்க்க வேண்டும். அவள் துரைக்கண்ணுவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, சாயம் கரைக்கும் மருந்தில் பஞ்சை நனைத்து மூக்கைத் துடைக்க ஆரம்பித்தாள்.

சாம்பல் சாயம் புலம்பியது. “என்மேலே என்ன தப்பு? மேலிடத்து உத்தரவு. மூடு என்றார்கள், மூடினேன். எதை மூடுகிறேன் என்று நான் பார்க்கவே இல்லை.” புலம்பியபடியே அது பஞ்சில் ஒட்டிக்கொண்டு போய்விட்டது.

மத்தியானத்துக்குள் முகம் முழுக்க வெளியே வந்தது. அதன் கீழே வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன உருவங்கள். அதற்கும் கீழே ஒரு வரி எழுத்து.

துரைக்கண்ணு வந்து அண்ணாந்து பார்த்தார். “என்ன மேடம் இது? திருஷ்டி பொம்மை! வெள்ளைக்காரன் பிளேன்லயா? இதென்ன கீழே, கத்தரிக்காயா?”

“குண்டு சார். ஒரு தடவை போய்க் குண்டு போட்டுட்டு வந்தா ஒரு குண்டு வரைவாங்க. வரைஞ்சவரு குண்டைப் பார்த்திருக்க மாட்டாரு. நாப்பத்தொண்ணு இருக்கு.”

“அந்த எழுத்து?”

வஹிதா படித்துக் காட்டினாள். “போயிட்டு வரேன்.”

ஜீப் களுக்கென்று சிரித்துவிட்டது. “பயங்கரம் ஐயா!” என்றது.

துரைக்கண்ணு தலையில் கை வைத்துக்கொண்டு பெயின்டருக்குப் போன் பண்ண வெளியே ஓடினார். வஹிதா அவர் பின்னாலேயே போனாள்.

விமானத்துக்கு அவமானத்தில் இறக்கை கூசியது. “யார் நீ?” என்று தன் மூக்கிடம் கேட்டது. “எண்பது வருஷமா என் மூஞ்சியிலே உட்கார்ந்துகிட்டு என்னை ஏமாத்திட்டியே!”

திருஷ்டி பொம்மை பேசியது. நாக்கை நீட்டிக்கொண்டே பேசியதால் கொஞ்சம் குழறியது. நாம் திருத்தி எழுதிக்கொள்வோம்.

“கோவிச்சுக்காதே. என்னை வரைஞ்சவர் மாசிலாமணி. புது வீடுகளுக்குத் திருஷ்டி பொம்மை எழுதுறவர். உன் கேப்டன் ஒரு புலிப் படத்தைக் காட்டி, இதை வரை, கீழே உங்க பாஷையிலே வானத்துப் பயங்கரம்னு எழுதுன்னு சொன்னான். மாசிலாமணி சரின்னுட்டு ஏணியிலே ஏறினார். ஏறி நின்னு திரும்பிப் பார்த்தா ஏழு பையன்கள். ஒருத்தனுக்கு இன்னும் மீசை முளைக்கலை. பளபளன்னு புது விமானம், ஊர்க் கண்ணெல்லாம் அதுமேலே. அவருக்கு மனசு கேட்கலை. கை தன் பாட்டுக்கு என்னை எழுதிடுச்சு. பயங்கரம்னு எழுத வந்த இடத்திலேயும் கை நின்னுது. வீட்டை விட்டுக் கிளம்புற பிள்ளைங்க வாயிலே வர வேண்டிய வார்த்தையா அது? அதனால இதை எழுதினார். என்ன எழுதினேன்னு அவனுங்க கேட்டப்போ, வானத்துப் பயங்கரம்தான்னு சத்தியம் பண்ணிட்டார்.”

“புலி எங்கேன்னு கேட்கலையா?”

“எங்க ஊர்ப் புலி இப்படித்தான் இருக்கும்னுட்டார்.”

“நாற்பத்தொரு தடவை” என்று விமானம் முணுமுணுத்தது. “போனேன். ஒவ்வொரு தடவையும் ஏழு பேரையும் கொண்டு வந்து சேர்த்தேன். அப்போ... நான் பயங்கரமே இல்லையா?”

அப்போது அந்தக் குண்டுகளில் ஒன்று பேசியது. பார்க்கக் கத்தரிக்காய்தான். குரல் அப்படி இல்லை.

“நீ செய்தது பயங்கரம்தான். பெயர்தான் வேறு. கீழே இருந்தவங்களுக்கு உன் மூக்கு தெரியலை. நீ போயிட்டு வந்தே. நாங்க போனோம், வரலை. நாங்க விழுந்த இடத்திலேயும் காலையிலே யாரோ வீட்டிலே சொல்லிட்டுத்தான் கிளம்பியிருப்பாங்க.”

பெயர்ப்பலகையே அன்றைக்கு முதல்தடவையாகத் தலை குனிந்துகொண்டது.

அதற்குள் வாசல் பக்கம் சண்டை முற்றிவிட்டது. இருவரும் பேசிக்கொண்டே உள்ளே வந்தார்கள்.

“சொன்னாக் கேளுங்க மேடம். ஜனங்க புலியைப் பார்க்கத்தான் வருவாங்க. இதைப் பார்த்துச் சிரிச்சுட்டுப் போவாங்க. மறுபடி சாம்பல் அடிச்சு, மேலே புலியை வரைஞ்சுடறேன். யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியும் சார். இருக்கிற பெயரை அழிச்சுட்டு இல்லாத பெயருக்குக் கையெழுத்துப் போட முடியாது.”

“இந்தப் பெயரை எப்படிம்மா பலகையிலே எழுதறது? ஒரு போர் விமானத்துக்கு இது ஒரு பெயரா? விவரம் தெரிஞ்ச எவனாவது இப்படி எழுதுவானா?”

விமானம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தது. காலையில் கேட்டிருந்தால் துரைக்கண்ணு பக்கம் பேசியிருக்கும். இப்போது எந்தப் பக்கம் என்று அதற்கே ஆச்சரியமாக இருந்தது. ‘என்னை மூடிவிடாதே’ என்று அது மனசுக்குள் கெஞ்சியது.

வஹிதாவுக்குக் கோபம் வந்துவிட்டது. புகைப்படத்தையும் பூதக்கண்ணாடியையும் பையில் திணித்தாள். பையைத் தோளில் மாட்டினாள்.

“உங்க இஷ்டம் சார். நான் போறேன்.”

திரும்பி விறுவிறுவென்று நடந்தாள். நாலு எட்டு வைத்திருக்க மாட்டாள். துரைக்கண்ணு பதறிப்போய், சண்டையெல்லாம் மறந்து, பின்னாலிருந்து கத்தினார்.

“ஏம்மா, ஏம்மா! கிளம்புற நேரத்துல போறேன்னு சொல்லலாமா? போயிட்டு வரேன்னு சொல்லும்மா!”

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். வஹிதாவும் நின்றாள். இருவரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து அந்த மூக்கைப் பார்த்தார்கள். திருஷ்டி பொம்மை நாக்கை நீட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

துரைக்கண்ணு போனை எடுத்தார். “பெயின்டரா? புலி வேண்டாம்ப்பா... இல்ல, மூக்கைத் தொடாதே. ஒரு பலகை மட்டும் புதுசா எழுதணும். என்ன பெயரா? வா, வந்தா சொல்றேன்.”

வெள்ளிக்கிழமை திறப்பு விழா நடந்தது. துரைக்கண்ணு பயந்தபடியே வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபின் யாரும் உடனே நகரவில்லை.

இப்போதும் அந்த விமானம் அங்கேதான் நிற்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கொட்டகையைப் பூட்டும்போது காவலாளி, பெருக்குகிற அம்மா, டிக்கெட் கொடுக்கிறவர் என்று ஆளுக்கு ஆள் “போயிட்டு வரேன்” என்று ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டு கிளம்புவார்கள். இத்தனை வருஷமாகத் தினமும் தன் பெயரை இத்தனை பேர் சொல்லியும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லையே என்று விமானத்துக்கு வெட்கமாக இருக்கும். இப்போது அது ஒவ்வொருவருக்கும் விடாமல் பதில் சொல்கிறது. ஜீப்பும் சொல்கிறது. புதுப் பலகையும் சொல்கிறது.

மூக்குக்குக் கீழே இருக்கிற நாற்பத்தொரு குண்டுகள் மட்டும் ஒன்றும் சொல்வதில்லை.