மூடி ஏன் தடதடக்கிறது?

தீயும் தண்ணீரும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது பானைக்கு மூடி கிடையாது.

மலையடிவாரத்தில் சடைச்சி என்றொருத்தி இருந்தாள். அவள் புருஷன் காய்ச்சலில் சுருண்டு கிடந்தான். சாமைக் கஞ்சி உள்ளே போனால்தான் பிழைப்பான். காலையிலிருந்து சுமை சுமையாக விறகை எரித்தும் உலை கொதிக்கவே இல்லை. விறகும் தீர்ந்துபோயிற்று.

சுற்றிலும் மொட்டைக் காடு. ஒரே ஒரு இலுப்பை மரம்தான் மிச்சம். கோடரியோடு போனாள். பொந்திலிருந்து மரங்கொத்தி தலையை நீட்டியது.

"உள்ளே குஞ்சுகள் இருக்கு, தாயி. இதையும் வெட்டிட்டா நாளைக்கு எதை எரிப்பே?"

சடைச்சி ஓங்கிய கோடரியை இறக்கினாள். அங்கே புருஷன் முனகல், இங்கே குஞ்சுகளின் கத்தல். என்ன செய்வதென்று புரியாமல், கீழே கிடந்த சுள்ளிகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு வீடு திரும்பி, அடுப்பில் செருகினாள்.

"ஏ தீயே, இவ்வளவு தின்னியே, சூடெல்லாம் எங்கே?" என்று கேட்டாள்.

"பானைகிட்டே கொடுத்துட்டேன்" என்றது தீ.

"நான் தண்ணிகிட்டே கொடுத்துட்டேன்" என்றது பானை.

"வாங்கினேன். ஆனா என்கிட்டே தங்கலையே!" என்றது தண்ணீர்.

யார் முகத்திலும் பொய் தெரியவில்லை. பிறகு யார்தான் திருடன்? அவளுக்குத் தலை சுற்றியது. அதற்குள் மூன்றும் ஒன்றையொன்று குற்றம் சொல்லிக் கூச்சலிட்டன. பானையின் சத்தம்தான் பெரிது.

"முதல்லே உன் வாயை மூடு!" என்று கத்தியபடி, கைக்கு எட்டிய மண்சட்டியை எடுத்துப் பானையின் வாயில் கவிழ்த்தாள்.

எல்லாம் அடங்கியது. சற்று நேரத்தில் சட்டி தானாக ஆடியது. சடைச்சி பயந்து பின்வாங்கினாள்.

"திற! மூச்சு முட்டுது!"

"யாரு அது?"

"ஆவி. தினமும் இந்த வழியாத்தான் வெளியே போவேன்."

"சூட்டைத் தூக்கிட்டுப் போனது நீதானா?"

"போகாதேன்னு யாரும் சொல்லலையே!"

இது திருட்டா இல்லையா என்று சடைச்சிக்கு விளங்கவில்லை. கோபப்படவும் தோன்றவில்லை. சட்டியை லேசாக நகர்த்தி எட்டிப் பார்த்தாள். உலை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது! அடுப்பிலோ சுள்ளிகள் பாதிகூட எரியவில்லை.

"கஞ்சி வேகுறவரைக்கும் உள்ளே இரு. மூச்சு விட இந்தச் சந்து போதும்" என்றாள்.

"சரி. இனிமே கொதி வந்ததும் தட்டுறேன். நீ உடனே தீயைத் தணிக்கணும். இல்லேன்னா பொங்கி வந்து அடுப்பையே அணைச்சிடுவேன்."

அன்று சாயங்காலம் புருஷன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தான். இலுப்பை மரம் தப்பியது. சடைச்சிக்கு மட்டும் கடைசிவரை குழப்பம் தீரவில்லை: இத்தனை விறகையும் தின்றது, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத இந்த ஆவியா?

அன்று தொடங்கியதுதான் இது: உலை கொதித்தால் மூடி தடதடவென்று ஆடுகிறது, அந்தச் சத்தம் கேட்டதும், எங்கே இருந்தாலும் நாம் ஓடிப்போய்த் தீயைத் தணிக்கிறோம்.