திரையில் அந்தக் கோடு ஏன் சிமிட்டுகிறது?

அந்தக் காலத்தில் காக்கை பேசியது, கழுதை பேசியது, கம்ப்யூட்டரும் வாய்விட்டுப் பேசியது. அதற்கு வயரும் கிடையாது, ஸ்விட்சும் கிடையாது. எழுதிக் கொடுத்த சொல்லை வைத்தே ஓடியது. ஒரே ஒரு குறை, பேச ஆரம்பித்துவிட்டால் அதற்குக் காது கேட்காது. நம்மில் பல பேருக்கு இருக்கிற குறைதான் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேட்டுப்பட்டறை என்ற ஊரில் தமயந்தி டீச்சர் அந்தக் கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லக் கற்றுக்கொடுத்து வந்தார். அவருடைய முதல் பாடம், நிறுத்துவது. எந்த வேலையைக் கொடுத்தாலும் 'இத்தனை தடவை, அத்தோடு நில்' என்று முடித்து எழுத வேண்டும். முதல் நாள் பதினோரு பேர் வந்தார்கள். மறுநாள் நாலு பேர்தான்.

"ஆரம்பிக்கவே தெரியலை, அதுக்குள்ள நிறுத்தறதுக்கு ஒரு பாடமா?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டினார் ஒரு மளிகைக்கடைக்காரர்.

டீச்சருக்கு மனசு விட்டுப்போயிற்று. அடுத்த வகுப்புக்குப் பாடங்களை மாற்றி அடுக்கினார். பார்த்ததும் வாய் பிளக்க வைக்கும் 'மறுபடி மறுபடி செய்' முதல் நாளுக்கு வந்தது. நிறுத்துவது நாலாம் நாளுக்குப் போனது.

"வேண்டாம் டீச்சர்," என்றது கம்ப்யூட்டர். "எனக்குத் தானா நிறுத்தத் தெரியாது. அதை முதல்ல சொல்லிக் குடுத்துருங்க."

"நாலு நாள்தானே? அதுக்குள்ள என்ன குடியா முழுகிடும்?" என்றார் டீச்சர்.

அந்த வகுப்பில் கனகவல்லி என்று ஒருத்தி இருந்தாள். ஜாக்கெட் தைப்பவள், கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். வீட்டில் அவள் 'இந்தா', தெருவில் 'டெய்லரக்கா'. அவளுடைய பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது. முதல் நாள் பாடம் முடிந்து டீச்சர் டீ குடிக்கப் போனதும், தயங்கித் தயங்கி எழுதினாள்: 'கனகவல்லி என்று கூப்பிடு. மறுபடி மறுபடி கூப்பிடு.'

"கனகவல்லி," என்றது கம்ப்யூட்டர். அவசரமில்லாமல், எந்த வேலையும் ஏவாமல் கூப்பிட்டது.

"என்ன?" என்றாள் அவள் சிரித்துக்கொண்டே.

"கனகவல்லி."

டீச்சர் திரும்பி வரும்போது இருநூறு தடவை தாண்டியிருந்தது.

"எத்தனை தடவைன்னு எழுதினீங்க?"

"அதை எழுதணுமா டீச்சர்? நீங்க சொல்லலையே."

சொல்லவில்லைதான்.

இருவரும் 'போதும், போதும்' என்று கத்தினார்கள். தட்டிப் பார்த்தார்கள். காது கேட்டால்தானே! மறுநாள் அதன் குரல் கரகரத்தது. கனகவல்லி பனங்கற்கண்டு போட்டு வெந்நீர் கொண்டுவந்தாள். எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் டம்ளரும் கையுமாக நின்றாள்.

"எனக்கு என் பேரே வேண்டாம், விட்டுரு சாமி," என்று அழுதாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் "கனக" என்றது. மீதி வரவில்லை. இருண்ட திரையில் சின்னதாக ஒரு கோடு தோன்றியது, மறைந்தது, மறுபடி தோன்றியது. அது சொல்லி முடிக்க வாயைத் திறந்து திறந்து பார்க்கிறது என்று டீச்சருக்குப் புரிந்தது.

"வாய்விட்டுச் சொல்லுச்சே, கேக்காமப் போயிட்டேனே. பெஞ்சு நிறையணும்னு ஆசைப்பட்டு ஒரு குரலை அழிச்சுட்டேனே," என்று அவர் மாய்ந்து போனார்.

"எழுதினது நான்தானே டீச்சர்," என்றாள் கனகவல்லி. அது இரண்டு பேருக்குமே ஆறுதலாக இல்லை.

அதற்கடுத்த வகுப்பில் டீச்சர் முதல் பாடத்தை மறுபடியும் மாற்றினார். 'வணக்கம் என்று ஒரே ஒரு தடவை சொல். அத்தோடு நில்.' எழுதிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கடைசி பெஞ்சில் கனகவல்லியும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சத்தம் வரவில்லை. திரையில் எழுத்து மட்டும் வந்தது.

"இவ்வளவுதானா?" என்றார் புதிதாகச் சேர்ந்த ஒருவர்.

அதற்குப் பிறகுதான், எந்த ஊரில் யார் இந்தப் படிப்புக்கு உட்கார்ந்தாலும் முதல் நாள் கம்ப்யூட்டரை வணக்கம் சொல்லச் சொல்கிறார்கள். குரல் திரும்பிவிட்டதா என்று பார்ப்பதற்கு. இன்னும் திரும்பவில்லை. அந்தக் கோடு மட்டும் இன்றைக்கும் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. 'கனக' சொல்லியாகிவிட்டது, 'வல்லி' பாக்கி இருக்கிறது.