மேகம் என்று கழித்த படங்கள்

"கூகைமலையில காடு இருக்கு மேடம். படத்துலதான் இல்லை."

இஞ்ஞாசி இதை மூன்றாவது முறையாகச் சொன்னார்.

பூங்கோதை தலையை நிமிர்த்தவில்லை. நாட்டில் எந்தெந்தக் காடுகளைக் காக்க வேண்டும் என்று வரைபடம் போடும் அலுவலகம் அது. செயற்கைக்கோள் படம் படிப்பதில் பூங்கோதையை மிஞ்ச ஆள் கிடையாது. அவருக்கு வயது நாற்பத்தொன்று. அவரிடம் கற்றுக்கொள்ள வந்த இஞ்ஞாசிக்கு ஐம்பத்தாறு. சங்கிலி பிடித்து நிலம் அளந்த பழைய சர்வேயர். வயதைப் பார்த்தால் வித்தை வராது என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் வந்து சேர்ந்திருந்தார்.

வரைபடத்தில் காடு பச்சை. காடு அழிந்த இடம் மஞ்சள். தெளிவான செயற்கைக்கோள் படம் கிடைக்காத இடம் வெள்ளை.

கூகைமலை வெள்ளையாக இருந்தது. பத்து வருஷத்தில் ஒரு நாள்கூட மேகம் விலகி அந்த மலை படத்தில் விழவில்லை.

பட்டியல் நாளை மாலை கமிட்டிக்குப் போகிறது. கமிட்டியின் கண்ணுக்குப் பச்சை மட்டும்தான் தெரியும். பட்டியலில் ஏறாத மலையைக் கல்குவாரிக்குக் கேட்டு ஆட்கள் காத்திருந்தார்கள்.

"காடு இருக்குன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"போயிருக்கேன் மேடம். மூணு வாரம் மழையில நின்னு அளந்தேன். அட்டை கடிச்ச தழும்பு இன்னும் கால்ல இருக்கு."

"எப்போ?"

"இருபத்தெட்டு வருஷம் ஆச்சு."

"தழும்பைக் கமிட்டிக்கு அனுப்ப முடியாது சார்."

இஞ்ஞாசிக்குச் சுருக்கென்றது. இந்த அம்மாள் பேசுவதே நாலு வார்த்தை, அதையும் ஊசி முனையில் வைத்துத்தான் தருகிறார் என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் எழுந்து போகவில்லை. மலை போய்விடுமே என்ற பயம் ரோஷத்தைவிடப் பெரிதாக இருந்தது.

சற்று நேரம் கழித்து, மேகம் விழுந்த படங்களை என்ன செய்தீர்கள் என்று பூங்கோதை கேட்டார். கழித்துவிட்டேன் என்றார் இஞ்ஞாசி. கழிக்கச் சொல்லிக் கொடுத்ததே பூங்கோதைதான், அதுவும் முதல் நாள் பாடத்தில். எத்தனை இருக்கும் என்றார். நூற்றெண்பத்தாறு.

பூங்கோதை அலமாரியிலிருந்து ஒரு ட்ரேசிங் தாளையும் பென்சிலையும் எடுத்து நீட்டினார்.

"காட்டைத் தேடாதீங்க. மேகம் எங்கே நிக்குதோ அதை மட்டும் வரைங்க."

வீடு எரிகிறது என்று ஓடி வந்தவனைப் புகையை அளக்கச் சொல்கிறாரே என்று இஞ்ஞாசிக்கு எரிச்சல். இருந்தும் உட்கார்ந்தார்.

ஒரு படம். மேகம் இருந்த இடத்தில் பென்சிலால் தீற்றினார். அதே தாளில் அடுத்த படத்தின் மேகம். அதன்மேல் அதற்கடுத்தது.

முதல் இருபது படங்களில் மேகம் கண்டபடி அலைந்தது. மதியத்துக்குள் அலுத்துப்போனார். அறுபதாவது படத்தில் கை நிதானித்தது. நூறாவது படத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

கூகைமலைக்குப் பக்கத்தில் பனைக்குன்று. அதே உயரம். மரங்களை வெட்டி மொட்டையாக்கிவிட்டார்கள். அதன்மேல் மேகம் மழைக்காலத்தில் வந்தது, போனது. கூகைமலையில் மாசியிலும் நின்றது, சித்திரையிலும் நின்றது. தாளில் அந்த இடம் கன்னங்கரேலென்று இருந்தது. கீழே தேயிலைத் தோட்டம் தொடங்குகிற கோட்டில் அந்தக் கறுப்பும் நின்றுவிட்டது.

இஞ்ஞாசி தாளை எடுத்துக்கொண்டு போனார்.

"காடு இருக்கிறதாலதான் மேடம் மேகம் போகலை."

பூங்கோதை தாளை வரைபடத்தின்மேல் வைத்து வெகுநேரம் பார்த்தார். இரண்டு மலைகளின் உயரத்தையும் சரிபார்த்தார். பிறகு, இந்தத் தாளைச் சாட்சியாக இணைத்துக் கூகைமலையைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னார்.

இஞ்ஞாசி தன் கையாலேயே அந்த வெள்ளையில் பச்சையை நிரப்பினார். நிரப்பிய வரைபடத்தைக் கொண்டுவந்து, பிள்ளையின் மார்க் ஷீட்டைக் காட்டுகிற தகப்பனைப் போல மேசையில் விரித்தார்.

பூங்கோதை பச்சையைப் பார்க்கவில்லை. வடக்கே இருந்த ஒரு வெள்ளைக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"இது?"

"படம் கிடைக்கலை மேடம்."

விரல் நகர்ந்தது. "இது?"

"அங்கேயும் மேகம்."

அப்படி இன்னும் பதினேழு கட்டங்கள் இருந்தன. விரல் மூன்றாவதில் நின்றது.

"இந்த மலைக்கெல்லாம் நீங்க போனதில்லையா சார்?"

"இல்லை மேடம்."

"அப்போ இதுக்கெல்லாம் யாரு என்கிட்ட வந்து சண்டை போடுவா?"